ரிட்டில் ஜெயித்தும் லைசென்ஸ் மறுபடி அதே அதிகாரியிடமா?

மெஸ் லைசென்ஸை அதிகாரி ரத்து செய்ததை எதிர்த்து ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டீர்கள்; ஜெயித்தது நீங்கள்தான். "கடையைத் திறக்கலாம்" என்று நீதிபதி எழுதாமல், அல்சூர் மெஸ் ஃபைலை அதே அதிகாரி மேஜைக்கே அனுப்பிவிட்டாரே என்கிறீர்கள். நீதிப் புனராய்வு, அதாவது அதிகாரியின் முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று கோர்ட் பார்ப்பது, பெரும்பாலும் அப்படித்தான் முடியும். ரிட் மனுவுக்கு வழி தரும் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் ஹைகோர்ட் அப்பீல் கேட்பதில்லை. உங்கள் சமையலறை சுத்தமா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. ரத்து செய்தவருக்கு அதிகாரம் இருந்ததா, உங்கள் தரப்பைக் கேட்டாரா, காரணம் எழுதினாரா என்று பார்க்கும். 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: ஆராய்வது முடிவை அல்ல, முடிவெடுத்த முறையை.

நோட்டீஸ் 9-ஆம் தேதி, ரத்து 10-ஆம் தேதி என்று எழுதியிருக்கிறீர்கள். மூச்சு விடக்கூட நேரமில்லை! அநேகமாக இதிலேயே ரத்து உத்தரவு அடிபட்டிருக்கும்.

இப்போது தீர்ப்பின் சர்டிஃபைடு காப்பியின் கடைசிப் பாராவைப் பாருங்கள். ரத்து உத்தரவு செல்லாது என்று இருக்கிறதா, மறு விசாரணைக்குக் கெடு உண்டா, அதுவரை கடை நடத்தத் தடை உண்டா? தடை இல்லை, லைசென்ஸ் காலமும் முடியவில்லை என்றால், அது உயிரோடு இருக்கிறது என்றே வாதிடலாம். ஷட்டரைத் தூக்கும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், மறு விசாரணையில் அதிகாரிக்கு உங்கள் பதிலை எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். இந்த முறை முறைப்படி விசாரித்து, காரணத்தோடு ரத்து செய்தால் ரிட் எளிதில் நிற்காது. "சட்டத்தில் மேல்முறையீடு இருக்கிறதே, அங்கே போனீர்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.