சாயங்காலம் போய்ப் பாருங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது, கைத்தறியில் லுங்கி நெய்தவர். மூன்று வருடமாக மறதிநோய். இப்போது இரண்டு வாரமாகப் பொழுது சாய்ந்தால் "பாவு பார்க்கணும்" (பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) என்று தெருவில் இறங்கிவிடுகிறார். ராத்திரி தூக்கமே இல்லை. நான் ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய்விடுகிறேன், அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. இல்லத்தில் சேர்க்கலாமா? எதைப் பார்த்துச் சேர்ப்பது?

பதில்: சேர்க்கலாம். ஊர் பேசும்தான், ஆனால் ராத்திரி முழுக்க விழித்திருப்பது உங்கள் அம்மா.

அதற்கு முன் ஒன்று. "இரண்டு வாரமாக" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பார்த்துவிடுங்கள். மறதிநோய் பொதுவாக மெதுவாகத்தான் முற்றும். திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, உடம்பில் நீர் வற்றுவது என்று வேறு காரணம் இருக்கலாம். நம்மூர் வெயிலில் இவர்கள் தாகம் என்று கேட்டு வாங்கிக் குடிக்க மாட்டார்கள். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ, பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்துக்கோ அழைத்துப் போங்கள். பாகாயம் என்றதும் சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். நோயாளியோடு வீட்டாரையும் தங்கவைத்துப் பார்ப்பது அங்கே பல காலமாக உள்ள வழக்கம். தைராய்டு, பி12 பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால் அதையும் கேளுங்கள்.

சரி, இல்லத்துக்கு வருவோம். சாதாரண முதியோர் இல்லம் வேறு, மறதிநோயாளிகளுக்கான இல்லம் வேறு. தன் வேலையைத் தானே செய்துகொள்பவரை மட்டுமே சேர்க்கும் முதியோர் இல்லங்கள் நிறைய. நோயை மறைத்துச் சேர்த்தால் ஒரு மாதத்தில் திருப்பி அனுப்புவார்கள், அந்த அலைச்சல் அப்பாவை இன்னும் குழப்பும். மறதிநோயாளிகளுக்கென்றே உள்ள இல்லங்கள் சென்னை, பெங்களூர் போன்ற பெரிய நகரங்களில்தான் அதிகம். நீங்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை போய்வர முடியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பார்க்கப் போகும்போது காலையில் போகாதீர்கள். காலையில் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். அப்பாவுக்குப் பதற்றம் வரும் நேரம் அதுதான். யாராவது ஒரு பெரியவர் "வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்தால் பணியாளர் என்ன செய்கிறார்? "இதுதான் உங்க வீடு, உட்காருங்க" என்று அதட்டுகிறாரா, கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ரெண்டு நடை நடந்து, "வீட்ல யார் இருக்காங்க?" என்று பேச்சுக் கொடுக்கிறாரா? கட்டடத்தைவிட எனக்கு இதுதான் முக்கியம். நாற்காலியோடு யாரையாவது கட்டிவைத்திருந்தால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், ராத்திரி எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். "மாத்திரை கொடுத்துவிடுவோம், தூங்கிவிடுவார்" என்ற பதில் வந்தால் கவனம். மனநோய்க்கான சில மருந்துகள் மறதிநோயாளிகளுக்குப் பக்கவாத ஆபத்தையும் உயிராபத்தையும் கூட்டுகின்றன. மருத்துவர் பார்த்து, குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்குத்தான் தர வேண்டும். படுத்த படுக்கையானாலும் வைத்துக்கொள்வார்களா, உடம்பு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், முன்பணம் திரும்புமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

சேர்க்கும் அன்று அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். பாவு என்றால் என்னவென்று தெரியாத பணியாளருக்கு அவர் சொல்வது உளறலாகத்தான் படும். தெரிந்தவரோ ஒரு கண்டு நூலைக் கையில் கொடுத்துச் சுற்றச் சொல்வார். பேர் மறந்தாலும் கை பழகிய வேலை லேசில் மறக்காது. அவருடைய பழைய லுங்கி, தலையணை, மூக்குக்கண்ணாடி கூடவே போகட்டும். முதல் சில வாரம் குழப்பம் கூடும், "கூட்டிட்டுப் போ" என்று அழுவார். ஒரு மாதம் வராதீர்கள் என்று சில இடங்களில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொஞ்ச நேரமானாலும் போய், கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

இடம் அமையும்வரை அவர் சட்டையின் உள்பக்கம் உங்கள் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள். தெருமுனை டீக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் 14567, அதை அம்மாவின் போனில் இன்றே போட்டுக் கொடுங்கள்.