நாவல் எழுத வேலையை விடலாமா?

கேள்வி:

வணக்கம் ஐயா. எனக்கு வயது 27. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக வேலை செய்கிறேன். சம்பளம் 2,300 வெள்ளி (ரிங்கிட்). பிடித்தம் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 2,030 வெள்ளி. சனிக்கிழமைகளில் டியூஷன் எடுப்பதில் மாதம் 500 வெள்ளி கிடைக்கிறது. கல்லூரிக் காலத்திலிருந்து சிறுகதை எழுதி வருகிறேன். சென்ற ஆண்டு மொழிபெயர்ப்பு, வானொலி நாடகம், போட்டிப் பரிசு என்று எழுத்தின் வழி வந்தது மொத்தம் 4,200 வெள்ளி. வீட்டுக்குக் கொடுப்பது, மோட்டார் சைக்கிள் தவணை, பிடிபிடிஎன் கல்விக் கடன் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 1,850 வெள்ளி. சேமிப்பு 14,000 வெள்ளி இருக்கிறது.

காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குக் கிளம்பும்வரை எழுதுகிறேன். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வாரத்தில் அதுவும் நின்றுவிடுகிறது. தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிய நாவல் ஒன்று மூன்று ஆண்டுகளாகப் பாதியில் கிடக்கிறது. ஓராண்டு வேலையை விட்டு அதை முடிக்கலாமா? மேலும், 7,000 வெள்ளி கொடுத்தால் என் சிறுகதைத் தொகுப்பை 500 பிரதிகள் அச்சிட்டுத் தருவதாக ஒரு பதிப்பாளர் சொல்கிறார். கொடுக்கலாமா? அப்பாவுக்கு 58 வயது, செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். நாங்கள் இருப்பது தோட்டத்து வீடு.

பதில்:

எழுதுவதை நீங்கள் வேலையாகவே நினைக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. நானும் அப்படியே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். எழுதிச் சோறு கிடைக்குமா என்று உறவினர்கள் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியை நான் கேட்கப் போவதில்லை. நாவலுக்கு எத்தனை நாட்கள் தேவை, அந்த நாட்களை உங்கள் பணத்தால் எப்படி வாங்குவது என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் 14,000 வெள்ளி எழுதும் நேரத்தை வாங்குவதற்கான பணம். அதில் ஒரு வெள்ளியைக்கூட அச்சகத்துக்குக் கொடுக்காதீர்கள். வேலையையும் இப்போது முழுதாக விட வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். வேலையை விட்டால் டியூஷன் வருமானம் 500 வெள்ளி மட்டும் நிலையாக இருக்கும். செலவு 1,850 வெள்ளி என்பதால் மாதம் 1,350 வெள்ளி சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டிவரும். அப்படி எடுத்தால் 14,000 வெள்ளி பத்து மாதங்களில் தீர்ந்துவிடும். ஆனால் கடைசி வெள்ளி தீரும் நாளில் புதிய வேலை தயாராகக் காத்திருக்கப் போவதில்லை. வேலை தேடும் காலத்துக்கு, டியூஷன் வருமானம் போக மூன்று மாதச் செலவாக 4,050 வெள்ளியை ஒதுக்கி வைத்தால் எழுதுவதற்குக் கிடைப்பது ஏழு மாதங்கள்தான். பதிப்பாளருக்கும் 7,000 வெள்ளியைக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டே மாதங்கள். ஓராண்டு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதன் உண்மையான அளவு இது. இதற்கு மேல், உங்கள் சம்பளத்திலிருந்து 11 விழுக்காடும் முதலாளியின் பங்காக 13 விழுக்காடும் ஊழியர் சேமநிதி வாரியத்துக்குப் போகின்றன. மாதம் ஏறக்குறைய 550 வெள்ளியாகச் சேரும் அந்தத் தொகையும் நின்றுபோகும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று. சென்ற ஆண்டு வந்த 4,200 வெள்ளியில் பெரும்பகுதி, மொழிபெயர்ப்பு, நாடகம் போன்ற, பிறர் கேட்டு நீங்கள் எழுதிக் கொடுத்த வேலைகளிலிருந்து வந்திருக்கும். நாவலிலிருந்து ஒரு சென்னும் வரவில்லை, முடியும்வரை வரவும் போவதில்லை. சம்பளம் நின்ற மூன்றாவது மாதத்தில் ஒருவர் மொழிபெயர்ப்பு வேலையோடு வந்தால் நீங்கள் மறுக்க மாட்டீர்கள், மறுக்கவும் முடியாது. அடுத்து இன்னொன்று வரும். காலை ஐந்து மணிக்கு இன்று நாவலுக்குக் கிடைக்கும் அந்த ஒன்றரை மணி நேரம்கூட அப்போது பிறருடைய பிரதிகளுக்குப் போய்விடும். முழுநேர எழுத்தாளராவதற்காக வேலையை விட்டுவிட்டு, வேலையில் இருந்த காலத்தைவிடக் குறைவாகத் தம் சொந்த எழுத்தை எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் நான் சொல்லும் வழி, வாரத்தில் ஒரு நாளை விலை கொடுத்து வாங்குவது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ வேலை நாட்களையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றியமைக்கும்படி ஊழியர் எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே அவரும் ஏற்கக்கூடிய ஏற்பாட்டை நீங்களே முன்வையுங்கள். மாதக் கடைசி வாரத்தில் ஐந்து நாட்களும் வேலைக்கு வந்து, கணக்கை முடித்துக் கொடுத்து, மற்ற வாரங்களில் மட்டும் ஒரு நாளைக் குறைத்துக்கொள்வதாகக் கேட்டால், கணக்குப் பிரிவை நடத்துகிறவர் அதைக் காதுகொடுத்துக் கேட்பார். அந்த வாரத்தில் நீங்கள் எப்படியும் எழுதுவதில்லை என்பதால் உங்களுக்கும் இழப்பு இல்லை.

சம்பளத்தில் முழுதாக ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2,300 வெள்ளி 1,840 ஆகும். பிடித்தம் போக ஏறக்குறைய 1,625 வெள்ளி கைக்கு வரும். டியூஷனைச் சேர்த்தால் 2,125 வெள்ளி. செலவு போக மாதம் 275 வெள்ளி மிஞ்சும், சேமிப்பில் கை வைக்க வேண்டியதில்லை, ஆண்டுக்கு 40 முழு நாட்கள் நாவலுக்குக் கிடைக்கும். இந்த நாட்களில் மொழிபெயர்ப்பையும் நாடகத்தையும் தொடாதீர்கள். அவற்றை வார நாட்களின் மாலை நேரத்துக்கு ஒதுக்குங்கள். களைப்போடும் செய்துவிடக்கூடிய வேலைகள் அவை. நாவல் அப்படிப்பட்டதன்று.

இப்போது வீட்டைப் பற்றிப் பேச வேண்டும். கடிதத்தின் கடைசி வரியில் அதைச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் குடும்பத்தின் பெரிய பணக் கேள்வி அதுதான். குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்பதால் அப்பாவுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் வேலை இருக்கிறது. தோட்டத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகும். இது உங்கள் ஊருக்குப் புதிதும் அன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்களைக் கண்டுதான், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல், தொழிலாளர்கள் தாங்களே சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் இந்தக் கதை ஏதோ ஒரு வடிவில் இருக்கும் என்று நினைக்கிறேன். அது உங்கள் சொந்த வீட்டில் நடக்கும்போது ஏற்பாடு இல்லாமல் இருந்துவிடக் கூடாது.

தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீடு வாங்குவதென்றால் வங்கி முதலில் கேட்பது சம்பளச் சீட்டு. நிலையான வருமானம் இல்லாதவர்களுக்காக அரசு ஆதரவுடைய வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்று உண்டு. ஆனாலும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போது கடன் கேட்பது எளிது. நீங்கள் இன்று வேலையை விட்டால் இரண்டு ஆண்டுகள் கழித்துக் குடும்பத்தில் யாரிடமும் சம்பளச் சீட்டு இருக்காது. அப்பாவின் சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதை இந்த மாதமே அவரோடு உட்கார்ந்து பாருங்கள். 55 வயதுவரை சேர்ந்ததை அவர் இப்போதே எடுக்கலாம். அதற்குப் பின் சேர்வது ‘அக்கவுன் எமாஸ்’ கணக்கில் 60 வயதுவரை இருக்கும். முன்பணத்துக்கு அவருடைய சேமநிதி உதவும். உங்கள் சேமநிதியின் ‘அக்கவுன் செஜாத்திரா’ கணக்கையும் வீடு வாங்கப் பயன்படுத்தலாம். 2024 மே மாதம் தொடங்கிய ‘அக்கவுன் ஃபிளெக்சிபல்’ கணக்கிலிருந்து 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது பலரைக் கெடுத்திருக்கிறது. புத்தகச் செலவுக்காக அதைத் தொட வேண்டாம். பிடிபிடிஎன் தவணையையும் ஒரு மாதம்கூடத் தவற விடாதீர்கள். தவறினால் வங்கிகள் பார்க்கும் கடன் பதிவில் அது தெரியும்.

அடுத்து பதிப்பாளர். ஆசிரியரிடம் பணம் வாங்கி அச்சிட்டுக் கொடுப்பது அச்சக வேலை. அதில் தவறில்லை, நம் நாட்டில் பல நல்ல தமிழ் நூல்கள் அப்படித்தான் வந்திருக்கின்றன. ஆனால் புத்தகம் விற்கும் பொறுப்பை அவர் ஏற்கிறாரா என்று கேளுங்கள். 500 பிரதிகளுக்கு 7,000 வெள்ளி என்றால் ஒரு பிரதிக்கு 14 வெள்ளி. 25 வெள்ளி விலை வைத்து, கடைக்கு 30 விழுக்காடு கழிவு கொடுத்தால், உங்களுக்கு வருவது 17 வெள்ளி 50 சென். போட்ட பணம் திரும்ப 400 பிரதிகள் விற்க வேண்டும். நூல் வெளியீட்டில் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ளும் பிரமுகர் ஒரு தொகை கொடுப்பார், பலருடைய அச்சுக் கடன் அப்படித்தான் அடைந்தது. ஆனால் வராத பிரமுகரை நம்பிப் பணம் கட்ட முடியாது. விற்காத முந்நூறு பிரதிகள் தோட்டத்து வீட்டில் ஈரத்திலும் கறையானிலும் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

தொகுப்பு வரவே கூடாது என்று சொல்லவில்லை. மின்னச்சில் நூறு நூற்றைம்பது பிரதிகள் அடிக்கும் இடங்களில் விலை கேளுங்கள். ஒரு பிரதியின் செலவு கூடினாலும் முடங்கும் பணம் குறைவு. அச்சுக்குக் கொடுக்கும் முன்பே நண்பர்களிடமும், நீங்கள் படித்த கல்லூரியிலும், உங்கள் மாணவர்களின் பெற்றோரிடமும் முன்பதிவு வாங்கி, வந்த பணத்தின் அளவுக்கு மட்டும் அச்சிடுங்கள். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது. அதற்கென்று யாரும் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். யாரோடு ஒப்பந்தம் செய்தாலும், பதிப்புரிமை யாருக்கு என்ற வரியைக் கண்டிப்பாகப் படியுங்கள். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உங்கள் கதைகளின் உரிமை உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன் பின் 50 ஆண்டுகளும் நிற்கும். 7,000 வெள்ளியை நீங்களே கொடுத்துவிட்டு அந்த உரிமையையும் எழுதிக் கொடுப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

வருமான வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்றைய வருமானத்தில், தனிநபர் கழிவு 9,000 வெள்ளியும் சேமநிதிக் கழிவும் 400 வெள்ளித் தள்ளுபடியும் போக நீங்கள் கட்ட வேண்டிய வரி இருக்காது. ஆனாலும் டியூஷன் வருமானத்தையும் எழுத்து வருமானத்தையும் மறைக்காமல் காட்டுங்கள். நூலுக்கு உரிமத் தொகை (ராயல்டி) வரத் தொடங்கினால், இலக்கியப் படைப்புக்கான உரிமத் தொகையில் ஆண்டுக்கு 20,000 வெள்ளிவரை வரி விலக்கு உண்டு. கேட்டு எழுதிக் கொடுக்கும் வேலைக்கு வாங்கும் கூலி அந்த விலக்கில் தானாகச் சேராது. எனவே எந்தப் பணம் எதற்காக வந்தது என்பதை ரசீதோடு தனித்தனியாக எழுதி வையுங்கள். கணக்கு எழுதுவது உங்களுக்குத் தொழில்தானே.

வேலையிலிருந்து முழுதாக விலகி நிற்க வேண்டிய காலம் ஒன்று வரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் வரைவு முடிந்து, முழு நாவலையும் மனத்தில் வைத்துக்கொண்டு திருத்தி எழுதும் கட்டத்துக்குத் துண்டு துண்டான நாட்கள் போதா. வீட்டுக் கடன் கையெழுத்தான பிறகு, நான்கு மாத ஊதியமில்லா விடுப்புக் கேளுங்கள். மாதம் 1,350 வெள்ளி வீதம் அதற்குத் தேவை 5,400 வெள்ளி. விடுப்பு கிடைக்காமல் வேலையை விடவே நேர்ந்தாலும், வேலை தேட ஒதுக்கிய 4,050 வெள்ளியைச் சேர்த்து 9,450 வெள்ளி போதும். 14,000 வெள்ளியில் அது அடங்கும். வீட்டுத் தவணை தொடங்கியிருந்தால் அந்த மாதங்களின் தவணையை மீதியிலிருந்து எடுத்து வையுங்கள். அப்படி வேலையை விட்ட காலத்தில் முதலாளி இல்லாதவர்கள் தாங்களே சந்தா செலுத்துவதற்கான, சேமநிதி வாரியத்தின் ஐ-சாரான் திட்டத்தில் பதிந்துகொண்டு மாதம் 50 வெள்ளி போட்டாலும், அரசு அதற்கு 20 விழுக்காடு ஊக்கத்தொகை சேர்க்கிறது. அதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 500 வெள்ளி.

முதலாளிக்கான கடிதத்தை அடுத்த மாதக் கணக்கு முடிந்த மறுவாரம் கொடுங்கள். தேதியிட்ட நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், 60 நாட்கள் அன்றிலிருந்துதான் தொடங்கும். பதிப்பாளருக்கு முன்பணம் ஏதும் கொடுக்கவில்லை என்றால், தொகுப்பை இப்போதைக்கு அச்சிடுவதாக இல்லை என்று இந்த வாரமே அவரிடம் சொல்லிவிடுங்கள்.