குளோன் செய்த இரண்டு மெஷினிலும் ஒரே ஐபி: ஆன்சிபிள் சோதனைக்கு என்ன வழி?

கடலூர் நண்பருக்கு வணக்கம். 8 ஜிபி லேப்டாப், விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்), அதில் குளோன் (நகல்) செய்த இரண்டு உபுண்டு சர்வர், இரண்டிலும் ஐபி 10.0.2.15, ஆன்சிபிள் (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி) எதையும் எட்டவில்லை என்கிறீர்கள். இது கோளாறே இல்லை. நாட் (NAT: ஹோஸ்ட், அதாவது உங்கள் லேப்டாப், வழியாக இணையம் பெறும்) முறையில் ஒவ்வொரு மெஷினும் தனித்தனி வலைக்குள் இருக்கிறது, அதனால் எல்லாவற்றுக்கும் அதே எண்தான்.

நாட் இணையத்துக்காக இருக்கட்டும். இரண்டாவது அடாப்டராக (நெட்வொர்க் கார்டாக) ஹோஸ்ட்-ஒன்லி சேருங்கள்; இது லேப்டாப்பும் மெஷின்களும் தங்களுக்குள் மட்டும் பேசும் வலை. உபுண்டு அதைத் தானாக எழுப்பாது. நெட்பிளான் கோப்பில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பு) அந்தக் கார்டுக்கும் டிஹெச்சிபி (ஐபியைத் தானாக வழங்கும் சேவை) எழுதி, நெட்பிளான் அப்ளை கொடுங்கள். வழக்கமாக 192.168.56 என்று தொடங்கும் ஐபி வரும்.

அங்கேயும் இரண்டுக்கும் ஒரே ஐபி வந்தால் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) சந்தேகிக்காதீர்கள். உபுண்டு சர்வர் டிஹெச்சிபியிடம் மெஷின்-ஐடியை (அந்த நிறுவலின் தனி அடையாள எண்) வைத்துத்தான் தன்னை அடையாளம் காட்டுகிறது. குளோனில் அதுவும் நகலாகிவிடும். குளோனுக்குள் போய் இடிசி (/etc) அடைவிலுள்ள மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்து (கோப்பையே அழிக்க வேண்டாம்) ரீபூட் செய்யுங்கள், புதிது உருவாகும்.

ரேம்: நிறுவும்போது 2 ஜிபி, பிறகு 1 ஜிபி போதும். டெஸ்க்டாப் வேண்டவே வேண்டாம்.

ஸ்னாப்ஷாட்டை (மெஷினின் அப்போதைய நிலையின் சேமிப்பு) மெஷினை அணைத்துவிட்டு எடுங்கள். ஓடும்போது எடுத்ததை மீட்டால் கடிகாரம் பின்தங்கி நின்று, ரிலீஸ் கோப்பு (மென்பொருள் களஞ்சியத்தின் விவரக் கோப்பு) இன்னும் செல்லுபடியாகவில்லை என்று உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் அடம்பிடிக்கலாம்.

சுத்தமான ஸ்னாப்ஷாட்டிலிருந்து பிளேபுக்கை (ஆன்சிபிளுக்கான வேலைப் பட்டியல் கோப்பு) இருமுறை ஓட்டுங்கள். இரண்டாம் முறை சேஞ்ச்டு (மாற்றப்பட்டவை) 0 வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் கட்டளைகளை நேரடியாக ஓட்டும் ஷெல் மாட்யூல்தான் காரணம். செக் முறையில் (எதையும் மாற்றாத ஒத்திகை ஓட்டம்) அது ஓடாமல் தாண்டிப்போகும், ஆகவே அந்த முடிவை மட்டுமே வைத்து நம்பிவிடாதீர்கள்.