கார் ஏசி பைப்பில் கேஸ் கசிகிறது. எபாக்ஸி வைத்து வீட்டிலேயே அடைக்க முடியுமா?

எபாக்ஸி நிற்காது. வெயில் நாளில் ஏசி ஓடும்போது கேஸை அழுத்தும் கம்ப்ரஸரிலிருந்து அதைக் குளிரவைக்கும் கண்டன்ஸருக்குப் போகும் பைப்பில் 200 முதல் 250 பிஎஸ்ஐ வரை அழுத்தம் ஏறும்; தொட்டால் கை சுடும். உள்ளே கேஸோடு எண்ணெயும் ஓடுகிறது. எண்ணெய் ஊறிய அலுமினியத்தில் எந்தப் பசை பிடிக்கும்? "நான் போட்டேன், ஜில்லென்று இருக்கிறது" என்று இணையத்தில் எழுதுபவர்கள் அடுத்த மாதம் வந்து எழுதுவதில்லை.

அதற்காக வீட்டில் எதுவுமே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் ஏற்கெனவே இரண்டு முறை கேஸ் நிரப்பி, அது சில வாரத்தில் போயிருக்கும். முதலில் ஓட்டை எங்கே என்று பாருங்கள். கேஸ் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கூடவே வரும் எண்ணெயில் தூசி ஒட்டிக் கறுப்புப் பிசுக்காக நிற்கும். இணைப்பு நட்டுகள், ரப்பர் ஹோஸும் அலுமினியமும் சேரும் அழுத்துவளையம், பைப்பைப் பிடிக்கும் கிளிப் ஆகிய மூன்று இடங்களையும் பாருங்கள். கிளிப்பைக் கழற்றாமல் விட்டுவிடாதீர்கள். உள்ளே இருந்த ரப்பர் தேய்ந்து போயிருந்தால் மண் புகுந்து அரம்போல அராவியிருக்கும். பளபளவென்று ஒரு கோடு, அதன் நடுவே குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை.

சோப்புத் தண்ணீரை இன்ஜினை அணைத்துவிட்டுத் தடவுங்கள். ஓடும்போது கம்ப்ரஸருக்குத் திரும்பும் பைப்பில் 30, 40 பிஎஸ்ஐதான் இருக்கும். அணைத்துச் சற்று நேரம் விட்டால், 30 டிகிரி வெப்பத்தில், உள்ளே திரவ நிலையில் கேஸ் மிச்சமிருக்கும்வரை, இரு பக்கமும் ஏறக்குறைய 95 பிஎஸ்ஐக்கு வந்துவிடும். சின்னக் கசிவில் குமிழ் ஊதாது. சில நிமிடம் கழித்து வெள்ளை நுரை பொடிப்பொடியாகக் கட்டும்.

பைப்பைத் திறக்கும் முன் மிச்சக் கேஸை வெளியே எடுப்பது மட்டும் பட்டறையின் ரெக்கவரி மெஷின் (கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் மெஷின்) வேலை. பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்134ஏ கேஸ் கார்பன் டை ஆக்சைடைவிட 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். பல நாடுகளில் காற்றில் விடுவது குற்றம். கொதிநிலை மைனஸ் 26 டிகிரி என்பதால் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். புதிய கார்களின் ஆர்1234ஒய்எஃப் கேஸ் தீப்பிடிக்கவும் கூடும். ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த ஒயர் ஓடும் ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார் என்றால் கையே வைக்காதீர்கள்.

இணைப்பில் கசிந்தால் ஓ-ரிங்தான். ஏசிக்கான ஹெச்என்பிஆர் ரப்பர் ரிங், பெரும்பாலும் பச்சை நிறம், வாங்குங்கள். பழையது சப்பையாகியிருக்கும், அதை அளந்து வாங்கினால் தப்பும். மினரல் ஆயில் ஒரு சொட்டுத் தடவிப் போடுங்கள். டெஃப்லான் டேப் வேண்டாம். இங்கே கேஸை நிறுத்துவது மரை அல்ல, ரிங். எப்போதும் இரண்டு ஸ்பேனர், ஒன்று பிடிக்க, ஒன்று திருக. இல்லையென்றால் பைப் முறுக்கிக்கொள்ளும்.

அலுமினியப் பைப்பில் ஓட்டை என்றால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு கம்ப்ரஷன் யூனியன் (நட்டை இறுக்கி இரு பைப் முனைகளைச் சேர்க்கும் இணைப்பு) போடலாம். வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள். 8, 10, 12, 16 மில்லிமீட்டர் அளவுகள் அதிகம் வரும். இரு பக்கமும் யூனியன் உட்காரும் அளவுக்கு நேரான பகுதி வேண்டும், வளைவில் நிற்காது. ஹாக்சா வேண்டாம், தூள், கேஸ் நுண்ணிய துளை வழியாகப் பாயும் எக்ஸ்பான்ஷன் வால்வில் போய் அடைக்கும். டியூப் கட்டர் போதும். பைப் முனையில் உப்புத்தாளைச் சுற்றுவாக்கில் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் கேஸுக்கு வாய்க்கால்.

குறைந்த வெப்பத்தில் உருகும் கம்பியால் பற்றவைக்கலாமே என்று கேட்பீர்கள். முடியும், பைப்பைக் காரிலிருந்து கழற்றிச் சுத்தமாகக் கழுவியிருந்தால். மிச்சக் கேஸ் தீயில் பட்டால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வரும். தவிர, அலுமினியம் சிவக்காமலே 660 டிகிரிக்குள் சடாரென்று உருகி விழும்.

ரப்பர் ஹோஸுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. திருகு கிளாம்ப் தாங்காது. கழற்றிப் போய்ப் புது ஏசி ஹோஸை மெஷினில் அழுத்தி வாங்குங்கள்.

பிறகு ரெகுலேட்டர் வைத்து உலர் நைட்ரஜனில் 150 பிஎஸ்ஐ ஏற்றி அரை மணி நேரம் பாருங்கள். டயர் கம்ப்ரஸர் காற்றில் ஈரம் உண்டு. ஆக்சிஜன் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும், நினைக்கவே வேண்டாம். கேஜில் குறையவில்லை என்றால் நைட்ரஜனை விட்டுவிட்டு 45 நிமிடம் வேக்கம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுங்கள். "வேக்கம் குறையாமல் நின்றது, அதனால் கசிவில்லை" என்பது தப்புக் கணக்கு. வெளியிலிருந்து தள்ளுவது வெறும் 14.7 பிஎஸ்ஐ. பைப் நாள்கணக்கில் திறந்து கிடந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் மாற்றுங்கள்.

கேஸை எடைபோட்டுத்தான் நிரப்ப வேண்டும். எத்தனை கிராம் என்பது பானெட்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் இருக்கும், அழிந்து போயிருக்காவிட்டால். ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்பதற்குக் கையேட்டில் இருபது பக்கம் ஒதுக்குகிறவர்களுக்கு, இந்த ஓர் எண்ணை அழியாத தகட்டில் அடித்து ஒட்ட மனசு வருவதில்லை.

டப்பாவில் வரும் கசிவடைப்பான் ஊற்றலாமா என்று கீழே யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் ஈரம் பட்டால் இறுகும் ரகம் அது. எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்து அடைக்கும். ஊற்றியது தெரிந்தால் பல பட்டறைகள் மெஷினையே மாட்டாது.

இவ்வளவுக்கும் முன்னால், கேஸ் ஏற்றும் சர்வீஸ் போர்ட்டின் மூடியைக் கழற்றி வால்வில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பலமுறை கசிவது அந்த ஊசி வால்வுதான்.