அரை டபரா கஞ்சி

அன்புள்ள ஐயா,

எனக்கு 38 வயது. கொளத்தூரில் இருக்கிறேன். எடை 116 கிலோ வரை போய், சர்க்கரையும் முட்டிவலியும் சேர்ந்துகொண்டதால் 17 நாட்களுக்கு முன், எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கிற ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். கணவருக்கு மட்டும்தான் தெரியும். மாமியாரிடமும் அக்கம்பக்கத்திலும் பித்தப்பையில் கல் எடுத்ததாகச் சொல்லியிருக்கிறோம்.

இனிமேல் பசியே இருக்காது என்றார்கள். எனக்குப் பசிக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு வயிறு பிடுங்குகிறது. நாலு மடக்கு குடித்தால் நெஞ்சை அடைக்கிறது, ஆனாலும் பசி போவதில்லை. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பிரியாணி வீடியோவாகப் பார்க்கிறேன். காலையில் எல்லோருக்கும் நான்தான் சமைக்கிறேன். சாம்பாரில் உப்புப் பார்க்க நாக்கில் வைத்துவிட்டு சிங்க்கில் துப்புகிறேன். புரோட்டீன் பவுடர் டப்பாவை பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, பாத்ரூமில் கலக்கிக் குடிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாமியார் விடாமல் சொன்னதால் ஒன்றரை இட்லி சாப்பிட்டேன். நெஞ்சு வலித்து, ஒரு மணி நேரம் நுரை நுரையாக வாந்தி.

இது நிஜப் பசியா, மனசின் பசியா? எனக்கு வைராக்கியம் போதவில்லையா? அவசரப்பட்டுவிட்டேனா? இடது தோள்பட்டை வலியும் இப்போதுதான் குறைந்தது. முடி வேறு கொட்டும் என்கிறார்கள். மனதைத் திருப்ப ஏதாவது புத்தகம் சொல்லுங்கள்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

முதலில் அந்த இட்லி. பதினேழாவது நாளில் உங்கள் இரைப்பையின் தையல் இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது. வாந்தி நிற்காமல் இருந்தாலோ, தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிற்றுவலி ஏறிக்கொண்டே போனாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி 120-ஐத் தாண்டினாலோ, இந்தப் பதிலை அப்படியே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எதுவும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாலும் நாளைக்கே டாக்டருக்குப் போன் செய்து, இட்லி சாப்பிட்டதையும் வாந்தி எடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

தோள்பட்டை வலி பெரும்பாலும் ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் ஊதிய காற்றால் வருவது. நடக்க நடக்கப் போய்விடும், உங்களுக்குக் குறைந்தும்விட்டது. முடி மூன்று, நான்கு மாதத்தில் கொட்டும், பிறகு முளைக்கும். அவசரப்பட்டேனா என்ற கேள்வியை ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள். அரை வயிற்றுக் கஞ்சியோடு ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்கிற கேள்வி இல்லை அது. புத்தகம் எதுவும் சொல்லப்போவதில்லை.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் பழைய வண்ணாரப்பேட்டையில் அம்மா இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். பரணில் சாக்குக்குள் கிடந்த பாத்திரங்களில் ஒரு எவர்சில்வர் டபரா கிடைத்தது. விளிம்பில் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கிறது. ஒரு எழுத்து தேய்ந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன். 140 மில்லி. உங்களுக்கு இப்போது மிச்சம் வைத்திருக்கிற இரைப்பையும் ஏறக்குறைய அவ்வளவுதான். 1979-இல் என் அப்பா அந்த டபராவில் பாதியைக் குடிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

அப்பா துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க். வயிற்றில் புண். வருஷக்கணக்கில் சோடா உப்பையும் பாலையும் குடித்து ஓட்டினார். ஒருநாள் ரத்த வாந்தி எடுத்தார். இரைப்பையில் பாதிக்குமேல் வெட்டி எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது பதினோரு வயது.

அது ஆடி மாதம். அந்த வருஷம் ஆடியும் ரம்ஜான் நோன்பும் சேர்ந்து வந்தன. எங்கள் தெரு அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். இரண்டு வீடு தள்ளியிருந்த பாய் வீட்டிலிருந்து சாயங்காலமானால் நோன்புக் கஞ்சி வரும். இரண்டையும் முதலில் அப்பாவுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அம்மா எதையும் அப்படியே கொடுக்கமாட்டாள். வெந்நீர் விட்டுக் கரைத்து, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து அதில் வடிகட்டி, கசடைப் பிழிந்து எடுத்துவிட்டுத்தான் டபராவில் ஊற்றுவாள். அந்தத் துணி மஞ்சளும் கேழ்வரகு நிறமுமாகக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். தெருவில் போகிற எல்லோருக்கும் அது என்ன துணி என்று தெரியும். "இன்னைக்கு எவ்ளோ எறங்குச்சு?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் தாண்டுவார்கள். ஒருநாள் யாரோ அன்பாகக் கொடுத்த பாயசத்தில் நாலு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு அப்பா வேர்த்து விறுவிறுத்து, படபடப்போடு தரையில் படுத்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் இனிப்பு ஆகாது என்ற செய்தி தெருக்கோடி வரை போய்ச் சேர்ந்தது. அதற்கு டம்பிங் என்று பெயர் இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெருவுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

உங்களுக்கும் அதே உறுப்பில்தான் கத்தி வைத்திருக்கிறார்கள். நீங்கள் பாத்ரூமில் நின்று குடிக்கிறீர்கள்.

இதைத்தான் நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் புண்ணுக்குத் தெரு சொன்ன காரணம், "வேளைக்குச் சாப்பிடாம குடும்பத்துக்கு உழைச்சு உழைச்சு வயிறு புண்ணாயிடுச்சு" என்பது. சாப்பிடாதவர் என்பதால் அவருக்கு மரியாதை. பெருத்த உடம்பைப் பார்த்தால் "தின்னு தின்னு வந்தது" என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. வயிற்றுப்புண்ணில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்பதை ஆஸ்திரேலியாவில் இரண்டு மருத்துவர்கள் 1982-இல் கண்டுபிடித்தார்கள். 2005-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அப்பாவின் தியாகத்துக்கும் அந்தப் புண்ணுக்கும் நாங்கள் நினைத்த அளவு சம்பந்தம் இல்லை. அதேபோலத்தான் உங்கள் 116 கிலோவும். பரம்பரை, ஹார்மோன், தூக்கம், பிள்ளைப்பேறு, குழந்தை மிச்சம் வைத்த தட்டை வீணாக்காமல் வழித்துச் சாப்பிட்டது, கடைசியில் தனியாக உட்கார்ந்து ஆறிப்போனதைச் சாப்பிட்டது, இதெல்லாம் சேர்ந்தது அது. இதில் எதை ஒளிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டவர்கள் இளைத்துப்போவதையும், பிறகு எடை ஏறாமலே இருப்பதையும் கவனித்தார். 1966-இல் அதையே பருமனுக்கு வைத்தியமாக மாற்றினார். உங்களுக்குச் செய்த ஸ்லீவ் அந்த வழியில் பின்னால் வந்தது. என் அப்பா மாதிரி ஆட்களின் வயிற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வைத்தியம் இது. ஒன்றுக்குத் தெருவே கஞ்சி கொண்டுவரும், இன்னொன்றைப் புடவைக்குப் பின்னால் ஒளிக்க வேண்டும் என்றால், அந்த வித்தியாசம் ஆபரேஷனில் இல்லை. நாம் உண்டாக்கி வைத்தது.

சரி, பசி. நிஜமா மனசா என்று பிரிக்கச் சொல்கிறீர்கள். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோனை 1999-இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அது அதிகமாகச் சுரப்பது இரைப்பையின் மேல்பக்கப் புடைப்பில். ஸ்லீவில் அதை எடுத்துவிடுகிறார்கள். அதனால் நிறையப் பேருக்கு முதல் சில மாதங்கள் பசி குறைகிறது. குறையும் என்பதை "இருக்காது" என்று சொல்லி அனுப்பியது தப்பு. எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைவதில்லை. தவிர, சின்னதாகிவிட்ட இரைப்பையில் அமிலம் எரிந்தால் அதுவும் பசி மாதிரியே பிடுங்கும். காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்லி அமிலத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்திருப்பார்கள். ஒழுங்காகப் போடுகிறீர்களா? போட்டும் ராத்திரியில் பிடுங்குகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணீர் போதாவிட்டாலும் இப்படி இருக்கும். அப்புறம், நாலு மடக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். இனி மடக்கு என்பதே கிடையாது. குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுகிற மாதிரி, நாக்கு நனைகிற அளவு, இடைவெளி விட்டு விட்டு.

பிரியாணி வீடியோவுக்கு வருகிறேன். அதற்காகத்தான் நீங்கள் ரொம்பக் கூசிப்போயிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. 1944 நவம்பரில் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். போரில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்வதற்காக, ஆறு மாதம் அவர்களுக்குச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தார்கள். எல்லோரும் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மறுத்து, தாங்களாகவே இதற்கு முன்வந்தவர்கள். வைராக்கியத்தில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. சில வாரங்களில் அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். படுக்கையில் வைத்துக்கொண்டு படித்தார்கள். தட்டை நக்கினார்கள், இருக்கிற சாப்பாட்டில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கினார்கள். அவர்களுக்குக் கொடுத்தது நாளுக்கு சுமார் 1,600 கலோரி. அதில் பாதிகூட இப்போது உங்களுக்குள் போவதில்லை. உங்கள் கையில் போன் இருக்கிறது, அவர்கள் கையில் சமையல் புத்தகம் இருந்தது.

அப்பாவும் அப்படித்தான். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அம்மாவிடம் கேட்பார், "இன்னைக்கு என்ன கொழம்பு?" அம்மா சொல்வாள். "வஞ்சிரமா? எத்தன துண்டு? மாங்கா போட்டியா?" புளி எவ்வளவு கரைத்தாள், கொதிக்கும்போது வாசனை எப்படி வந்தது, நான் எத்தனை துண்டு சாப்பிட்டேன் எல்லாம் கேட்பார். அம்மா ஒன்றுவிடாமல் சொல்வாள். சாப்பிட முடியாதவரிடம் போய் மீன் குழம்பைப் பற்றிப் பேசுகிறாளே என்று எனக்கு அம்மாவின் மேல் அவ்வளவு கோபம். இருட்டில் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பேன். அவர் தூங்குவதற்கு அதுதான் வழி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பசியை அவர் ஒரு ஆளிடம் சொல்ல முடிந்தது. நீங்கள் போர்வைக்குள் போனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதனால் இப்போது திட்டத்தான் போகிறேன். உங்கள் மாமியார் மேல் ஒரு தப்பும் இல்லை. கல் எடுத்த மருமகள் இரண்டரை வாரமாகக் கஞ்சித்தண்ணீரில் கிடந்தால் எந்தப் பெரியவளும் இட்லியைத்தான் நீட்டுவாள். அவர் உங்களுக்குப் பரிவோடு கொடுத்தது விஷமாகிப்போனதற்கு நீங்கள் சொன்ன பொய்தான் காரணம். நாளைக்கு அவருக்குத் தெரியவரும்போது "நான் ஊட்டின இட்லியிலயா இவ வாந்தி எடுத்தா" என்று அந்த அம்மா எப்படித் துடிப்பார் என்று நினைத்துப் பார்த்தீர்களா? உங்கள் கணவரையும் திட்ட வேண்டும். தெரிந்த ஒரே ஆள் அவர். இட்லித் தட்டு வந்தபோது எங்கே இருந்தார்? பதினேழு நாளே ஆன உடம்போடு நீங்கள் ஐந்து பேருக்கோ ஆறு பேருக்கோ சமைத்து, நாக்கில் வைத்த சாம்பாரைத் துப்புகிறபோது அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? ஒரு மாதம் சமையலறை அவர் பொறுப்பு என்று சொல்லுங்கள். உப்புப் பார்க்க அவருக்கும் நாக்கு இருக்கிறது.

பேசுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். பேசுவார்கள்தான். இல்லை என்று நான் சொல்லவில்லை. கொளத்தூர் முழுக்கப் போய்ச் சொல்லச் சொல்லவும் இல்லை. உங்களுக்குச் சோறு போடுகிற கைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஸ்லீவுக்குப் பிறகு வைட்டமின் மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் போட்டாக வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது கிராம் புரோட்டீனாவது உள்ளே போக வேண்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, அரை மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். இதையெல்லாம் ஆயுள் முழுக்க பாத்ரூமில் நின்று செய்ய முடியுமா?

நாளைக் காலையில் பீரோவைத் திறந்து அந்த டப்பாவை எடுங்கள். அடுப்பங்கரை ஷெல்ஃபில், காபிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். மாமியார் "இது என்ன?" என்று கேட்பார். உட்காரவைத்துச் சொல்லுங்கள். டயட்டீஷியன் கொடுத்த சார்ட்டை எடுத்து, எந்த வாரம் தண்ணீராக, எந்த வாரம் மசித்து, எப்போது இட்லி என்று படித்துக் காட்டுங்கள். முதல் நாள் கோபப்படலாம், அழலாம். பிறகு அவரே பருப்புத்தண்ணீர் வைத்துக் கொடுப்பார். காரம் வேண்டாம், நன்றாக வேகவைத்து வடிகட்டச் சொல்லுங்கள். மெல்லிய வடிகட்டி இல்லாவிட்டால் பழைய வேட்டித் துணி போதும். நாலாக மடித்து, முதலில் வெந்நீரில் ஒருமுறை அலசிவிட வேண்டும்.

அன்புடன்.