இறக்கைக்குத் துணி போர்த்தும் முன்: வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்குக் கேள்வி பதில்

மூன்று முறை துணி போர்த்தியிருக்கிறேன். அதில் ஒருமுறை, போர்த்தி முடித்த இறக்கையை நானே பிரித்து மறுபடி போர்த்த வேண்டி வந்தது. கேள்விகளைப் படித்தபோது பலரும் துணியைப் பெயிண்டுக்கு அடியில் போகும் ஒரு மேல்பூச்சாகவே நினைப்பது தெரிந்தது. காற்றின் விசையை முதலில் வாங்குவது துணிதான். அங்கிருந்து ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் விலா), ஸ்பார் (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதன்மை உத்தரம்) என்று அது உள்ளே இறங்குகிறது. அதை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

அண்ணா, இரண்டு இறக்கையும் தயார். அடுத்த வாரமே துணி போர்த்தலாமா?

போர்த்திய பிறகு உள்ளே கைவிட முடியாத ஒவ்வொரு இடத்தையும் இப்போதே பாருங்கள். சட்டகத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு திசையிலும் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். டர்ன்பக்கிள்களில் (கம்பியைத் திருகி இறுக்கும் இணைப்புகள்) பாதுகாப்புக் கம்பி கட்டியிருக்கிறதா? ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பாகம்) கேபிள் எங்கேயாவது ரிப்பில் உரசுகிறதா? துணி படும் இடத்தில் ஆணித் தலையோ கூர்மையான விளிம்போ இருந்தால் மெல்லிய நாடா ஒட்டி மூடுங்கள். ரிப்களுக்கு நடுவே மேலும் கீழுமாக நாடா பின்னி, அவை பக்கவாட்டில் சாயாமல் கட்டியாக வேண்டும். சூட்டில் சுருங்கும் துணி கடைசி ரிப்பை உள்நோக்கி இழுக்கும் வேகம், முதல்முறை பார்ப்பவர்களைத் திகைக்க வைக்கும்.

நான் பிரித்த இறக்கையில் நடந்தது இதுதான். ஒரு கேபிள் கப்பிக்கு வெளியே போயிருந்தது. மூன்று மாத வேலையைக் கத்தியால் கிழித்தேன். உள்ளே எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். கட்டத் தெரிந்த வேறொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நம் கண் பழகிப்போய்விடுவதால் அவர் கண்தான் உதவும்.

மர ரிப்களுக்குச் சாதாரண வார்னிஷ் அடித்திருக்கிறேன். போதுமா?

போதாது. துணி ஒட்டும் பசையில் உள்ள கரைப்பான் அதைக் கரைத்துவிடும், பசை பிடிக்காது. துணி ஒட்டும் இடங்களில் இரண்டு பகுதி எபாக்சி வார்னிஷ் வேண்டும். இரும்புக் குழாய் உடற்கூடானால் எபாக்சி பிரைமர்.

விமானத் துணி விலை அதிகம். துணிக்கடை பாலியஸ்டரும் அதே பாலியஸ்டர்தானே?

இழை ஒன்றுதான், ஆனால் துணி வேறு. கடைத் துணியைப் பெரும்பாலும் ஆலையிலேயே சூடேற்றிச் சுருக்கம் நீக்கி, சாயமேற்றி, வழவழப்புக்கு ஏதாவது பூசி அனுப்புவார்கள். நமக்குத் தேவை அந்தச் சுருக்கம் இன்னும் உள்ளே தங்கியிருக்கும் துணி. அதன் வலிமை, சுருங்கும் அளவு, எடை எல்லாமே சோதித்துச் சொல்லப்பட்டவை. சிறு விமானங்களில் பரவலாகப் பயன்படும் நடுத்தர ரகம் சதுர கஜத்துக்கு 2.7 அவுன்ஸ், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 92 கிராம். 16.6 சதுர மீட்டர் இறக்கை கொண்ட பைப்பர் கப் ஜே-3 அளவு விமானத்தில் மேல், கீழ், உடல், வால் எல்லாம் சேர்த்து 50 சதுர மீட்டர் என்று வைத்தாலும் வெறும் துணி ஐந்து கிலோவுக்குள் அடங்கும். எடை ஏறுவது அதன் மேல் பூசுவதில்தான். ஆகவே எடையையோ செலவையோ குறைக்க நினைப்பவர் துணியை விட்டுவிட்டு, மினுமினுப்புப் பெயிண்டைக் குறைக்கட்டும்.

இஸ்திரிப் பெட்டியை எந்தச் சூட்டில் வைக்க வேண்டும்? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். வழக்கமான சுருங்கும் பாலியஸ்டர் துணிக்கு முதல் சுற்று 250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 121 செல்சியஸ். கடைசி இறுக்கம் 350 ஃபாரன்ஹீட், அதாவது 177 செல்சியஸ். இடையில் அவசரம் கூடாது. ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் சட்டகம் முறுக்கிக்கொள்ளும், குறிப்பாக மெல்லிய வால் பாகங்கள். மேல், கீழ் இரண்டையும் குறைந்த சூட்டில் சமமாக எடுத்த பிறகே கடைசிச் சூட்டுக்குப் போங்கள்.

177-ஐத் தாண்டினால் துணி மேலும் இறுகாது. வந்த இறுக்கமும் தளரத் தொடங்கும், அதை மறுபடி வரவழைக்க முடியாது. இன்னும் சூடேறினால் உருகும். அதனால் பெட்டியில் அச்சிட்ட ‘காட்டன்’, ‘சில்க்’ குறிகளை நம்பவே வேண்டாம். அடித்தட்டின் மேல் வெப்பம் கடத்தும் பசையை வைத்து, அதில் வெப்பமானியின் முனையைப் பதித்து அளந்து, சுழற்றும் குமிழில் நீங்களே கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெட்டி அணைந்து எரிந்து சில சுற்றுகள் போன பிறகே அளவு நிலைக்கும். தூரத்திலிருந்து நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி பளபளப்பான தட்டில் தவறாகக் காட்டும். பெட்டி ஒருமுறை கீழே விழுந்தால் மறுபடி அளவெடுங்கள். நீராவி வேண்டாம்.

ஹீட் கன் வைத்தால் சீக்கிரம் முடியாதா?

வேண்டாம். துணியில் என்ன சூடு படுகிறது என்பது உங்கள் கைக்கும் துணிக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்து நொடிக்கு நொடி மாறும்.

இப்போது நல்ல பசை வந்துவிட்டதே. துணியை ரிப்போடு நூலால் கட்டும் ரிப் தையல் இன்னும் தேவையா? நூற்றுக்கணக்கான முடிச்சு போட வேண்டியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதே கப் விமானத்தின் முழு எடை 1220 பவுண்டு, 553 கிலோ. இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 33 கிலோ. 3.8 ஜி இழுப்பில், அதாவது சுமை 3.8 மடங்காகும்போது, அது 127 கிலோவாகும். ரிப்கள் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், ஒரு மீட்டர் நீள ரிப்பின் பங்கு 38 கிலோ. அதில் பெரும்பகுதி மேற்பரப்பில் உறிஞ்சுவிசையாக வருகிறது, முன்விளிம்புக்கு அருகே இன்னும் கூடுதல். துணி மேல்நோக்கிப் பிடுங்கப்படுகிறது. ரிப்பின் மெல்லிய மேல்பட்டையில் பூசிய பசை, உரித்தெடுக்கும் விசைக்கு எதிராகத்தான் நிற்க வேண்டும். பசை பலவீனமாக இருப்பதும் அந்தத் திசையில்தான். தையல் நூல் ரிப்பைச் சுற்றி மேலிருந்து கீழ்வரை போய் வருவதால் பிடுங்கும் விசையை நேராக வாங்கிக்கொள்கிறது.

1918-ல் அமெரிக்கப் படையினர் ஓட்டிய நியூபோர் 28 விமானங்களில் செங்குத்தாக இறங்கி நிமிரும்போது மேல் இறக்கையின் முன்விளிம்பும் துணியும் பிய்ந்து போனது பதிவான வரலாறு. முன்புறம் ஒரு சிறு இடத்தில் துணி விட்டுப்போனால் காற்று உள்ளே புகுந்து மீதியையும் உரித்துவிடும்.

வடிவமைத்தவர் ரிவெட், திருகு அல்லது பசை என்று கணக்கிட்டுச் சோதித்துச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதைச் செய்யுங்கள். அவர் தையல் என்றால் தையல்தான். இடைவெளி விமானத்தின் உச்ச வேகத்தைப் பொறுத்தது. இரண்டரை முதல் மூன்றரை அங்குலம் வரை பல சிறு விமானங்களில் காணலாம், ப்ரொப்பெல்லர் காற்று அடிக்கும் பகுதியில் இன்னும் நெருக்கம். நூலுக்கும் துணிக்கும் நடுவே வலுநாடா கட்டாயம், இல்லையென்றால் நூலே துணியை அறுக்கும். இருவர் சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் மேலிருந்து ஊசியை விட, மற்றவர் கீழிருந்து திருப்பி அனுப்ப, ஒரே நாளில் ஒரு இறக்கையில் நல்ல பங்கு முடியும். வேலைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

சில்வர் கோட் அடிக்காமல் நேராக வண்ணம் அடித்தால் எடை மிச்சமாகுமே?

எடை மிச்சமாகும், துணி போய்விடும். பாலியஸ்டருக்கு எதிரி வெயிலின் புற ஊதாக் கதிர். சில்வரில் இருக்கும் அலுமினியத் துகள்கள்தான் அதைத் தடுக்கின்றன, வண்ணம் தடுக்காது. இருட்டில் இறக்கைக்குள் ஒரு பல்பை எரியவிட்டு வெளியே பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் இன்னொரு பூச்சு வேண்டும். ஆலையிலேயே பூச்சிட்டு வரும் புதுவகைத் துணிகளில் இந்தக் காப்பு உள்ளேயே இருக்கும், அவற்றுக்குத் தனி சில்வர் இல்லை. எந்த முறையை எடுத்தாலும் பசை முதல் வண்ணம் வரை அதே முறையின் பொருட்களைப் பயன்படுத்துங்கள். ஒன்றின் பசையும் இன்னொன்றின் பூச்சும் கலந்தால் பிறகு அடுக்கடுக்காக உரியும்.

டோப் (துணி மேல் அடிக்கும் பூச்சுத் திரவம்) அடித்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது.

காற்றில் ஈரம் அதிகம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் படிகிறது. வறண்ட நாளுக்குக் காத்திருங்கள், அல்லது உலர்வதை மெதுவாக்கும் ரிடார்டர் சேருங்கள்.

முகமூடி, கையுறை எது வாங்க வேண்டும், சார்?

பசையிலும் பூச்சிலும் உள்ள எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) கரைப்பானுக்கு நீல நைட்ரைல் கையுறை தாங்காது, பியூட்டைல் ரப்பர் வாங்குங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி தூரத்தில் உள்ள தீப்பொறியைத் தேடிப்போகும். நைட்ரேட் டோப் இன்னும் வேகமாகப் பற்றும். பளபளப்புக்கு இரண்டு பகுதி பாலியூரிதேன் அடிப்பவர்கள் கவனியுங்கள்: அதில் ஐசோசயனேட் இருக்கிறது. கரி வடிகட்டி முகமூடி அதற்குப் போதாது, வெளியிலிருந்து குழாயில் தூய காற்று வரும் முகமூடி வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் அந்தப் பெயிண்டைத் தொடாதீர்கள். விமானம் கட்டுவதற்காக நுரையீரலைக் கொடுக்க வேண்டியதில்லை.

பாதி முடிந்த பழைய விமானம் ஒன்று கிடைக்கிறது. துணி பல வருடப் பழசு. நம்பலாமா?

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயில் அதிகம் படும் மேற்பகுதியில், அடர்நிற வண்ணத்துக்குக் கீழே, ஒரு பட்டை வெட்டி இழுத்துச் சோதியுங்கள். வேகமும் இறக்கைச் சுமையும் குறைந்த சிறு விமானங்களுக்கு அங்குலத்துக்கு 46 பவுண்டு என்பது பழைய பருத்தித் துணி அளவுகோலிலிருந்து வந்த கீழெல்லை. அதற்குக் கீழே போனால் பிரித்துவிடுங்கள். அருகில் வந்தாலே நான் பிரித்துவிடுவேன். எப்படியும் உள்ளே துரு, பூஞ்சை, எலிக்கூடு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

ஐலரானுக்கு இன்னொரு கோட் அடித்தேன். மறுபடி சமன் பார்க்க வேண்டுமா?

ஆம், பறப்பதற்கு முன்பே. கீலுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிராமும் ஃப்ளட்டர் (காற்றில் பாகம் கட்டுக்கடங்காமல் அதிர்வது) வரும் வேகத்தைக் கீழே இழுக்கக்கூடும். வடிவமைத்தவர் சமநிலை அளவு கொடுத்திருந்தால், கழற்றி, கீலில் தொங்கவிட்டு அளந்து, அந்த அளவுக்குள் வந்த பிறகே மாட்டுங்கள். கூடவே பின்விளிம்பில் நீர் வடியும் துளைகளைப் புதுப் பெயிண்ட் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே தேங்கும் தண்ணீரும் அதே இடத்தில்தான் கனக்கும்.