அமெரிக்காவில் இனப் பிரிவினை இருந்த காலத்தில் கறுப்பின மக்கள் ஆடிப்பாடி ஓய்வெடுத்த இடங்களைக் காட்டும் நல்ல படங்கள், ஓவியங்கள் எவை?

'சின்னர்ஸ்' படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் இதைக் கேட்கிறார்கள். அதிலிருந்தே தொடங்கலாம். 1932, மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல். இரட்டைச் சகோதரர்கள் ஒரு பழைய மர ஆலையை வாங்கி ஜூக் ஜாயிண்ட் திறக்கிறார்கள். பகலெல்லாம் பருத்திக் காட்டில் முதுகொடிய உழைத்தவர்கள் ராத்திரியில் குடித்து, சூதாடி, ஆட்டம் போடும் கொட்டகை.

எல்லாரும் அதன் பாட்டுக் காட்சியைச் சிலாகிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது கல்லாப்பெட்டி விவகாரம். கூட்டம் நெரிகிறது, ஆனால் பலர் நீட்டுவது டாலர் இல்லை. தோட்ட முதலாளி கூலியாகக் கொடுத்த டோக்கன். வெளியே அதற்கு மதிப்பே கிடையாது. வாங்க மறுத்தால் வந்தவர்களுக்கு ஆட்டம் இல்லை, வாங்கினால் கடை தேறாது. வாசலில் நிற்கும் அந்நியர்களிடம் நல்ல காசு இருக்குமா என்று பார்க்கப் போன இடத்தில்தான் வினையே ஆரம்பிக்கிறது. ரத்தக்காட்டேரிகள் வந்து தாக்குவதெல்லாம் அப்புறம்.

நிஜ ஜூக் ஜாயிண்ட் எப்படி இருந்தது என்று பார்க்க, அதே கிளார்க்ஸ்டேலுக்கு வெளியே மேரியன் போஸ்ட் வோல்காட் 1939இல் எடுத்த புகைப்படங்களைத் தேடுங்கள். அரசாங்கத்துக்காகப் படம் எடுத்த வெள்ளைக்காரப் பெண் அவர்.

ஆனால் ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டுமென்றால் எர்னி பார்ன்ஸின் 'தி சுகர் ஷாக்' ஓவியத்தைச் சொல்வேன். வட கரோலினாவின் டர்ஹாமில் சிறுவனாக இருந்தபோது வீட்டுக்குத் தெரியாமல் ஒரு நடனக் கூடத்துக்குள் புகுந்து பார்த்ததை, பெரியவரானபின் நினைவிலிருந்து வரைந்தார். இடையில் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரராகவும் இருந்தவர். உடம்பு எங்கே முறுக்கும், எங்கே இழுபடும் என்பது அவருக்கு அத்துபடி. கை கால்கள் ரப்பர் போல நீள்கின்றன, இடுப்புகள் வளைகின்றன, நிற்க இடமில்லாத கூட்டம். ஆடுபவர்களின் கண்களைக் கவனியுங்கள்: மூடியிருக்கின்றன. யார் பார்க்கிறார்கள் என்ற கவலை ஒருவருக்கும் இல்லை. 1976இல் பாடகர் மார்வின் கேயின் இசைத்தட்டு உறையில் வந்து வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்த படம் இது. அவரே வரைந்த இதன் இன்னொரு வடிவம் 2022இல் ஏலத்துக்கு வந்தபோது 2 லட்சம் டாலர் போனாலே அதிகம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1 கோடியே 53 லட்சத்துக்குப் போனது!

'கிரீன் புக்' படத்தை இந்தப் பட்டியலில் நான் சேர்க்க மாட்டேன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இலிருந்து வெளியிட்ட வழிகாட்டியின் பெயர் அது; கறுப்பினப் பயணிகள் அவமானப்படாமல் தங்க, சாப்பிட, பொழுதுபோக்க எங்கே போகலாம் என்று சொன்ன புத்தகம். படம் பெயரை எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்கார ஓட்டுநரின் மனமாற்றத்தைச் சொல்லப் போய்விட்டது. அந்த வழிகாட்டியை வைத்து ஓவியர் டெரிக் ஆடம்ஸ் 2018இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சியே நடத்தினார். நீச்சல்குளத்தில் காற்றடைத்த மிதவை மேல் சாவகாசமாகச் சாய்ந்திருப்பவர்களை அவர் வரைந்த வரிசையும் உண்டு. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றினால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 1964 ஜூனில் புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில், குளத்தில் இறங்கிய கறுப்பினப் போராட்டக்காரர்களை விரட்ட ஓட்டல் மேலாளர் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார்.

அதே புளோரிடாவில் 1935இல் ஒரு கறுப்பினக் காப்பீட்டு நிறுவனம் கடலோர நிலம் வாங்கி அமெரிக்கன் பீச்சை உருவாக்கியது. 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்ததும் எல்லாக் கடற்கரையும் கறுப்பின மக்களுக்குத் திறந்தது, இங்கே கூட்டம் குறைந்தது, பின்னாளில் சொகுசு விடுதிக்காரர்கள் சுற்றி வளைத்தார்கள். ஜான் செய்ல்ஸ் இயக்கிய 'சன்ஷைன் ஸ்டேட்' (2002) இப்படியொரு கடற்கரையைப் பற்றியதுதான். கொஞ்சம் நிதானமாக நகரும் படம்; லீவு நாளில் பாருங்கள்.